தாத்தாவின் பெல்ட், அப்பாவின் 800: இன்ஜின் மாற்றப் போய் நான் கற்றுக்கொண்டது

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

வழக்கமா இங்கே வேலை, கோடிங், ஆபீஸ் தலைவலின்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு காரைப் பத்திப் பேசப்போறேன். எங்க அப்பாவோட மாருதி 800. 2004 மாடல், வெள்ளை, டி.என். 49, அதாவது தஞ்சாவூர்ப் பதிவு. போன நவம்பர்ல அதோட இன்ஜின் போச்சு. அந்த இடத்துல எஸ்டீம் இன்ஜினைத் தூக்கி வெச்சிடலாம்னு நான் கிளம்பினேன். கடைசியில வைக்கலை. ஏன் வைக்கலைங்கறதுதான் இந்த எபிசோட்.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். எங்க ஊர் தஞ்சாவூர் - திருவையாறு ரோட்டுல, கண்டியூர் பக்கம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போறதுக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியா காவிரின்னு ஐந்து ஆறு தாண்டணும். நடுவுல இருக்கிற வாய்க்கால்களுக்குக் கணக்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடிச்சுக்கிட்டா சம்பா வயல் எது, ரோடு எதுன்னு தெரியாது.

அப்பாவுக்கு 64 வயசு. முட்டி வலி வந்ததிலிருந்து டூவீலர் ஓட்டறதில்லை. வயலுக்குப் போக, உரக்கடைக்குப் போக, அறுவடை முடிஞ்சு கொள்முதல் நிலையத்துல நெல் எடை போடற வரைக்கும் காத்துக்கிடக்க, எல்லாத்துக்கும் இந்தக் கார்தான். கார் இல்லைன்னா அவர் யாரையாவது கூப்பிட்டுத்தான் வெளியே போகணும். அது அவருக்குச் சுத்தமா பிடிக்காது.

அன்னைக்கு வாய்க்கால் வழிஞ்சு ரோட்டுல தண்ணி. நடுத் தண்ணியில வண்டி நின்னுடுச்சு. அப்பா எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சார். சாவியைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். 'டொக்'குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடந்ததுன்னா, ஏர் ஃபில்டர் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிடுச்சு. பிஸ்டன் மேலே வரும்போது காத்தா இருந்தா அமுங்கும். தண்ணி அமுங்காது. ஏதாவது ஒண்ணு விட்டுக்கொடுத்தே ஆகணும். விட்டுக்கொடுத்தது கனெக்டிங் ராடு. வளைஞ்ச ராடு பிளாக்கையும் உரசிடுச்சு. அதனால இந்த எபிசோட்ல வேற எதுவும் ஞாபகம் இல்லைன்னாலும் இதை மட்டும் வெச்சுக்கோங்க: தண்ணியில வண்டி நின்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. தள்ளி வெளியே கொண்டுவாங்க. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணி இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் சாவியைத் தொடுங்க.

இன்ஷூரன்ஸ்? 20 வருஷ வண்டிக்கு அப்பா போட்டிருந்தது தேர்ட் பார்ட்டி மட்டும். அதுல ஒரு ரூபாய் கிடைக்காது.

நான் சென்னையில் இருக்கேன். போன்ல விஷயத்தைக் கேட்டதும் எனக்கு வருத்தம் வந்திருக்கணும். உண்மையைச் சொல்றேன், சந்தோஷம்தான் வந்தது. காலேஜ் நாள்லேர்ந்து எனக்கு இன்ஜின் ஸ்வாப் பைத்தியம். மூணு ராத்திரி உட்கார்ந்து ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். 800-ல இருக்கறது எஃப்8பி, 796 சிசி, மூணு சிலிண்டர், 37 குதிரைத்திறன். எஸ்டீம்ல இருக்கறது 1298 சிசி, நாலு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. மாடல்ல 85 குதிரைத்திறன். 800-ஓட எடை சுமார் 650 கிலோ. 650 கிலோவுக்கு 85 குதிரை! எனக்குத் தூக்கமே வரலை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன். சனிக்கிழமை காலையில தஞ்சாவூர்ல அப்பா வழக்கமா விடற ஒர்க்‌ஷாப். மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். என் ஸ்ப்ரெட்ஷீட்டைப் பொறுமையா பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"தம்பி, உங்க தாத்தாகிட்ட ஒரு ஆயில் இன்ஜின் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. டெல்டாவுல வளர்ந்தவங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மேட்டூர் ஜூன் 12-ல திறந்தா குறுவைக்குத் தண்ணி உண்டு. திறக்கறது தள்ளிப்போனா நாத்தங்காலுக்கு போர்த் தண்ணிதான். கரண்ட் மோட்டார் எல்லா இடத்துக்கும் வர்றதுக்கு முன்னாடி, ஆயில் இன்ஜினை மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு ஒவ்வொரு வயலா கொண்டுபோவாங்க. காலையில ஒரு பம்ப்புக்கு மாட்டுவாங்க, சாயந்திரம் வேறொரு பம்ப்புக்கு. இன்ஜின் படுத்துக்கிச்சுன்னா பக்கத்து வீட்டு இன்ஜின் வரும். அரை நாள் வேலை.

"அது எப்படி அரை நாள்ல முடிஞ்சுது?"ன்னு கேட்டார் அண்ணன். நான் முழிச்சேன்.

"நடுவுல என்ன இருந்துச்சு? ஒரு பெல்ட்டு. அவ்வளவுதானே? இந்தப் பக்கம் எந்த இன்ஜினா இருந்தா என்ன, அந்தப் பக்கம் எந்தப் பம்ப்பா இருந்தா என்ன. ஓட்டம் ஜாஸ்தின்னா புல்லியை மாத்திக்கலாம். கார்ல அந்தப் பெல்ட்டு எங்கே இருக்குன்னு காட்டுங்க, நான் எஸ்டீம் இன்ஜினை வெச்சுத் தர்றேன்."

நண்பர்களே, பத்து வருஷமா 'இன்டர்ஃபேஸ்'னு ஒரு வார்த்தையைச் சொல்லிக்கிட்டிருக்கேன். இதைவிட நல்லா யாரும் எனக்கு அதை விளக்கினதில்லை. தாத்தாவோட இன்ஜினுக்கும் பம்ப்புக்கும் நடுவுல ஒரே ஒரு இணைப்பு. கார்ல எத்தனை? அண்ணன் பானட்டைத் திறந்து விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

ஒண்ணு, மவுண்டிங். மூணு சிலிண்டருக்கு அளவெடுத்த இடத்துல நாலு சிலிண்டரைக் குறுக்கா படுக்க வைக்கணும். மவுண்டிங் பாயிண்ட்டை வெட்டி வெல்டிங் வைக்கணும். ரெண்டு, கியர் பாக்ஸ். 37 குதிரைக்குப் பண்ண பல்லு 85 குதிரையைத் தாங்காது. அதனால எஸ்டீம் கியர் பாக்ஸும் வேணும். கியர் பாக்ஸ் மாறினா டிரைவ் ஷாஃப்ட் மாறும். ரேடியேட்டர் பத்தாது. கூடுதல் எடை முன் சக்கரத்து மேல உட்காரும், அதனால ஸ்பிரிங் மாறணும். எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின்னா அதோட கம்ப்யூட்டர், சென்சார், வயரிங் மொத்தமும் கூடவே வரணும். பழைய கம்ப்யூட்டருக்குப் புது இன்ஜினோட பேசத் தெரியாது.

"எல்லாம் பண்ணிடலாம் தம்பி. பண்ணியும் இருக்கேன். கடைசியா பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு பாருங்க."

12 இஞ்ச் சக்கரம். முன்னாடி சின்ன டிஸ்க், பின்னாடி டிரம். வண்டியோட வேகம் இரண்டு மடங்கானா, அதை நிறுத்த பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு ஆகும். பிளஸ் ஒன் பிசிக்ஸ். என் ஸ்ப்ரெட்ஷீட்ல குதிரைத்திறனுக்கு ஒரு காலம் இருந்தது, எடைக்கு ஒண்ணு, விலைக்கு ஒண்ணு. பிரேக்குக்குக் காலமே இல்லை. அந்த வண்டியை மழைக்காலத்துல, மாடு படுத்திருக்கிற ரோட்டுல ஓட்டப்போறது நான் இல்லை, அப்பா.

இன்ஜின் ஸ்வாப்பே தப்புன்னு சொல்ல வரலை. கார் கம்பெனிகளே செஞ்சிருக்காங்க. அம்பாசடரை எடுத்துக்கோங்க. பிரிட்டிஷ் வம்சத்து 1489 சிசி பெட்ரோல் இன்ஜினோட பல வருஷம் ஓடின அதே உடம்புல, 1990களின் தொடக்கத்தில் இசுசுவோட 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது. ஆனா இன்ஜின் மட்டும் வரலை, கூடவே 5 ஸ்பீடு கியர் பாக்ஸும் வந்தது. ஒரு தலைமுறை டாக்ஸி டிரைவர்கள் இன்னைக்கும் அந்த வண்டியைப் பத்திப் பெருமையா பேசுவாங்க.

எதிர்க் கதையும் நம்ம ஊர்லதான் நடந்தது. சென்னையில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1985-ல 'ஸ்டாண்டர்ட் 2000'னு ஒரு கார் விட்டாங்க. உடம்பு ரோவர் எஸ்.டி.1. பிரிட்டன்ல 3.5 லிட்டர் வி8 இன்ஜினோட அறிமுகமாகி, 1977-ல ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கின டிசைன். அதுக்குள்ள இங்கே வெச்சது பழைய 1991 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின். பார்க்கக் கப்பல் மாதிரி இருக்கும், இழுக்காது, பெட்ரோலைக் குடிக்கும். 1988-லயே உற்பத்தி நின்னுபோச்சு. நான் செய்ய நினைச்சது அதோட தலைகீழ்: சின்ன உடம்பு, பெரிய இன்ஜின். உடம்பும் இன்ஜினும் ஒத்துப்போகலைங்கற விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான்.

சரி, அப்போ அதே 796 சிசி இன்ஜினே வைக்கலாம்னு முடிவு. இது சுலபம்னு நினைச்சீங்கன்னா, நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆல்ட்டோவும் 796 சிசிதான், அதையே வைக்கலாமேன்னு கேட்டேன். அண்ணன் சிரிச்சார். எங்க 800-ல சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, மொத்தம் ஆறு. ஆல்ட்டோ இன்ஜின்ல பன்னிரண்டு. சிசி ஒண்ணு, இன்ஜின் வேற. ஆம்னியில இருக்கறது அதே எஃப்8பி குடும்பம்தான். ஆனா ஆம்னியில இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழே நெடுக்கா இருந்து பின் சக்கரத்தை ஓட்டுது. 800-ல பானட்டுக்குள்ள குறுக்கா இருந்து முன் சக்கரத்தை ஓட்டுது. சம்ப், மவுண்டிங் பிராக்கெட், மேனிஃபோல்டு எல்லாம் பழசுலேர்ந்து கழற்றி மாத்தணும்.

நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. 2010 ஏப்ரல்ல பி.எஸ். 4 விதி வந்தப்போ சென்னை உட்பட 13 நகரங்கள்ல 800 விற்பனை நின்னது. மத்த ஊர்கள்ல தொடர்ந்து வித்தாங்க. உற்பத்தி நின்னது 2014 ஜனவரியில. அதனால எங்க பக்கம் இன்னும் 800 ஓடுது, உடைக்கவும் வருது.

திருச்சியில ரெண்டு உடைப்புக் கடை பார்த்தோம். முதல் கடையில இன்ஜின் பளபளன்னு இருந்தது, விலையும் கம்மி. அண்ணன் துணியால துடைச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தார். இன்ஜின் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல அரம் போட்டுத் தேய்ச்சிருந்தது. "வாங்க போலாம்"னு சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டார். அந்த நம்பர் எந்தக் கேஸ்ல தேடப்படுதுன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஸ்டேஷன்ல உட்காரப்போறது ஆர்.சி. புக்ல பேர் இருக்கிற அப்பாதான்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன். 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. இன்ஜின் பழுதாகி மாத்தறதையே சட்டம் தடுக்கலை. ஆனா பதிவு அலுவலகத்துக்குத் தெரியணும். முன் அனுமதி வாங்காம இன்ஜினை மாத்தியிருந்தா 14 நாளுக்குள்ள தெரிவிச்சு, ஆர்.சி.யில புது நம்பரை ஏத்தணும். 2019-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். மின்சாரத்துக்கோ சி.என்.ஜி.க்கோ மாறணும்னா அங்கீகாரம் பெற்ற கிட் மூலமா வழி இருக்கு. எஸ்டீம் இன்ஜினை 800-ல ஒளிச்சு வெச்சுட்டு ஓட்டறதுக்கு வழி இல்லை. ஒரு விபத்துன்னா, எதிர்ல வந்தவங்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கற நேரத்துல இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கற முதல் கேள்விகள்ல இதுவும் ஒண்ணா இருக்கலாம்.

ரெண்டாவது கடையில, முழு வண்டியும் அங்கேயே நின்னுச்சு. பின்பக்கம் இடி வாங்கின 800. இன்ஜின் நம்பரும் அந்த வண்டியோட ஆர்.சி. நகலும் ஒத்துப்போச்சு. கம்ப்ரஷன் பார்த்தோம், மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பில் போட்டு வாங்கினோம். டைமிங் பெல்ட், ஆயில் சீல், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட் எல்லாம் இன்ஜின் வெளியே இருக்கும்போதே புதுசா மாத்தினோம். மாட்டின பிறகு இதுக்காகத் திரும்ப இறக்கறது வீண் செலவு. கூலியோட சேர்த்து 40 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சது. என் எஸ்டீம் கனவுக்கு அண்ணன் சொன்ன தொகை ஒன்றேகால் லட்சம்.

பென்சில் பிரிண்ட் எடுத்து, பில்லை இணைச்சு, வண்டியை ஆய்வாளர்கிட்ட காட்டி, ஆர்.சி.யில நம்பர் மாற மூணு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகவேண்டி வந்தது. அந்த மூணு நாளும் நான் லீவு போட்டேன். போரடிச்சது. ஆனா முழு வேலையில எனக்குன்னு இருந்த உபயோகமான பங்கு அது ஒண்ணுதான்.

வண்டி வெளியே வந்த அன்னைக்கு அப்பாதான் ஓட்டினார். நான் பக்கத்துல. வெட்டாத்துப் பாலம் ஏறும்போது நாப்பதுலதான் போறார். என்னால சும்மா இருக்க முடியலை. "அப்பா, எஸ்டீம் இன்ஜின் வெச்சிருந்தா எப்படி இருந்திருக்கும் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"தெரியும் தம்பி. நீ வரும்போதெல்லாம் நீ ஓட்டுவே. மத்த நாள் நான் பயந்துக்கிட்டு ஷெட்டுலயே வெச்சிருப்பேன்."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. மூணு ராத்திரி போட்ட ஸ்ப்ரெட்ஷீட்ல 'யார் ஓட்டப்போறது'ன்னு ஒரு கட்டம்கூட இல்லைன்னு அப்போதான் உறைச்சது.

உங்க வீட்டுலயும் பழைய கார் ஒண்ணு நிக்குதுன்னா, இன்ஜின் மாத்தற யோசனை இருந்தா, மெக்கானிக்கை நேர்ல பார்த்துப் பேசிட்டு முடிவெடுங்க. இன்ஜின் நம்பரை உங்க கண்ணால பாருங்க. பிரேக்கைப் பத்தி முதல்ல கேளுங்க. உங்க அனுபவத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல கேட்போம்.

அப்புறம், அப்பா இப்போ தண்ணி நிக்கிற ரோடுன்னா சுத்திக்கிட்டுப் போறார். அது எந்த இன்ஜினுக்கும் நல்லது. வர்றேன், வணக்கம்.