சிங்கப்பூர் அடுக்குமாடிகள் சொல்லும் பாடம்
(நமது குடியரசு தின விழாவில் ஆற்றிய உரை)

சிங்கப்பூரில் 1964-ல் இனக் கலவரம் நடந்தது. இன்று அங்கே பெரும்பாலோர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள். அவற்றிலும் ஓர் இனத்தார் ஒரே பகுதியில் சேரத் தொடங்கியதால், ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியருக்கு உச்சவரம்பு வைத்து 1989-ல் விதி வந்தது. ஒரே லிஃப்டில் தினமும் ஏறி இறங்கினால் 'நாமெல்லாம் ஒரே நாட்டவர்' என்ற எண்ணம் வளரும் என்பது கணக்கு.

வரவைச் சொன்னால் செலவையும் சொல்ல வேண்டும். சீனர் வரம்பு நிரம்பிய பிளாக்கில் ஓர் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலையும் குறையும்.

நமக்கு அப்படியொரு விதி வேண்டாம். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று நாம் கேட்காமல் இருந்தாலே போதும்.