ஐந்தாம் படிவத்துக்குப் பின் டாக்டர் படிப்புக்கு எந்த வழி?



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்த மறுநாள் மாலை, பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஒரு தகப்பனார் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டப் பள்ளிக்கு வந்தார். முன்பு இதே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். தோட்டத்தின் ஒரு பகுதி விற்கப்பட்டபோது குடும்பத்தோடு பெர்மாஸ் ஜெயா அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர். இப்போது பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. மகள் ஆறாம் ஆண்டு வரை எங்களிடம் படித்த பிள்ளை.

"வாத்தியாரே, பிள்ளைக்கு எட்டு ஏ. டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுது. ஒரு காலேஜில் இடம் இருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கட்டணுமாம்" என்று சொல்லி, பளபளப்பான ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

அந்தப் பிள்ளைக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். பாட்டிக்குச் சிறுநீரகக் கோளாறு. சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் பேத்திதான் கூடப் போவாள். டாக்டர் மலாயில் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்வதும், பாட்டி சொல்வதை டாக்டருக்குச் சொல்வதும் அவள் வேலை. ஆகவே ஆசையைப் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பணத்தைப் பற்றித்தான் கேட்டோம். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கிடைத்த நட்ட ஈட்டில் மிச்சம் இருப்பதை எடுக்கப் போவதாகச் சொன்னார்.

பெற்றோர்களே, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்காவில் நான்கு ஆண்டு பட்டப்படிப்பை முடித்த பிறகே மருத்துவக் கல்லூரிக்கு மனுச் செய்கிறார்கள். தொலைக்காட்சியிலும் படத்திலும் அதைப் பார்த்துவிட்டு, இங்கும் முதலில் ஏதாவது ஒரு பட்டம் எடுத்துக்கொண்டால் பிறகு மருத்துவத்துக்குத் தாவிவிடலாம் என்று நினைப்போர் உண்டு. நம் நாட்டில் வழக்கமான வழி அதுவன்று. பிரிட்டனிலும் இந்தியாவிலும் போலவே, இங்கும் பள்ளிப் படிப்பை அடுத்து நேரே ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு. பட்டதாரியாகி மருத்துவத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது சுற்றுவழி, செலவும் இரட்டிப்பு. ஆகையால் நம் பிள்ளைகளுக்குத் தீர்மானமான கட்டம் எஸ்.பி.எம்.முக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் உள்ள அந்த ஓர் ஆண்டு அல்லது ஒன்றரை ஆண்டுதான்.

அந்த இடைக்காலத்துக்கு மூன்று வழிகள் முக்கியமானவை. அரசாங்கத்தின் மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், தனியார் கல்லூரிகளின் அடிப்படைக் கல்வி.

மூன்றாவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவன் ஒருவன் ஒரு தனியார் கல்லூரியின் அடிப்படைக் கல்வியில் சேர்ந்தான். பள்ளியில் மாலை போட்டு, கைதட்டி அனுப்பி வைத்தோம். ஓராண்டு முடிந்து நல்ல புள்ளிகளும் வாங்கினான். அதற்குப் பிறகுதான் தெரிந்தது: அந்தச் சான்றிதழைக் கொண்டு அரசுப் பல்கலைக்கழக மருத்துவத்துக்கு அவன் மனுச் செய்ய முடியாது. அதே கல்லூரியில் மேலே படிக்கலாம். ஆனால் தனியாரிடம் மருத்துவம் முழுவதும் படித்து முடிக்கப் பல லட்சம் வெள்ளி வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் வாங்கினாலும் அது முழுவதற்கும் எட்டாது. அந்தப் பையன் வேறு படிப்புக்குப் போனான், நன்றாகத்தான் இருக்கிறான். அவன் தாயாரின் நகைகள் திரும்பி வரவில்லை. அன்றைக்கு எங்களுக்கே விவரம் தெரியாமல் மாலை போட்டோம் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

வசதி உள்ளவர்களுக்கு அந்த வழியில் குற்றமில்லை. நாங்கள் கேட்பதெல்லாம், பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி: 'இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு வேறு எங்கெல்லாம் மனுச் செய்யலாம்?' பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெட்ரிகுலேஷன் ஓராண்டுப் படிப்பு. விடுதி உண்டு, உதவித்தொகையும் உண்டு. ஜொகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி மலாக்கா எல்லைக்கு அருகே தங்காக்கில் இருக்கிறது. இடந்தான் எளிதில் கிடைப்பதில்லை. பூமிபுத்ரா அல்லாத எல்லாருக்கும் சேர்த்துப் பத்து விழுக்காடு என்ற ஒதுக்கீடு நாம் அறிந்ததே. எஸ்.பி.எம்.மில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா இனத்தாருக்கும் இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. அதற்குக் கீழே இருப்போர் மனுச் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இடம் கிடைத்தால் பாடப் பிரிவைக் கவனியுங்கள். உயிரியல் இல்லாத பிரிவும் அங்கே உண்டு. அதில் சேர்ந்துவிட்டு மருத்துவத்துக்கு மனுச் செய்ய முடியாது.

இனி ஆறாம் படிவம். இதைச் சொன்னவுடன் நம்மவர் முகம் சுளிக்கிறார்கள். "ஐயோ, எஸ்.டி.பி.எம். ரொம்பக் கஷ்டமாச்சே!" கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் மனத்தில் வைத்திருப்பது பழைய எஸ்.டி.பி.எம். அக்காலத்தில் எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டும். 2012 முதல் படிப்பு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, பருவந்தோறும் தேர்வு நடக்கிறது. முதல் இரண்டு பருவங்களில் புள்ளி குறைந்தால் மீண்டும் எழுத வாய்ப்பும் உண்டு. படிப்புக் கட்டணம் என்று வீட்டைச் சுரண்டுவது எதுவும் இல்லை. பேருந்துச் செலவும் புத்தகச் செலவும்தான். பிள்ளை வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்.

முக்கியமானது வேறொன்று. எஸ்.டி.பி.எம். சான்றிதழுடன் யு.பி.யூ. வழியாக மலாயாப் பல்கலைக்கழகம் முதலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மனுச் செய்யலாம். அதே சான்றிதழைக் கெடாவில் உள்ள எய்ம்ஸ்ட்டும் ஏற்கும், இஸ்கண்டார் புத்ரியில் உள்ள நியூகாசல் மருத்துவக் கல்லூரியும் ஏற்கும். வெளிநாட்டிலும் அதற்கு மதிப்பு உண்டு. ஒரு கதவு மூடினால் மறு கதவைத் தட்டலாம். மருத்துவமே கிடைக்காவிட்டாலும் பல் மருத்துவம், மருந்தியல் போன்றவற்றுக்கும் அதுவே செல்லும்.

போட்டி எத்தகையது என்பதையும் மறைக்கக் கூடாது. எஸ்.பி.எம்.மில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் ஆகியவற்றில் 'பி' என்பது குறைந்தபட்சத் தகுதி. அது வாசற்படி மட்டுமே. அரசுப் பல்கலைக்கழக மருத்துவத்துக்கு 4.00 அல்லது அதை ஒட்டிய சராசரிப் புள்ளி வாங்கியவர்களே வரிசையில் நிற்பார்கள். யு.பி.யூ. கணக்கில் தொண்ணூறு விழுக்காடு பாடங்களுக்கு, பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. எல்லாரும் 4.00 வாங்கி நிற்கும் இடத்தில் அந்தப் பத்துதான் ஆளைப் பிரிக்கும். செம்பிறைச் சங்கத்தில் இருந்தேன், பந்து விளையாடினேன் என்று வாயால் சொன்னால் போதாது, சான்றிதழ் வேண்டும். பிறகு மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வு, நேர்முகத் தேர்வு. நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லை என்பதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள், நூலகத்துக்கு அனுப்புங்கள்.

வெளிநாடு போக நினைப்போருக்கு ஒரு வார்த்தை. எந்த மருத்துவப் பட்டம் இங்கே செல்லும் என்பது 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்படி முடிவாகிறது. மலேசிய மருத்துவ மன்றத்திடம் அதற்கான பட்டியல் இருக்கிறது. 2005-இல் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை அரசாங்கம் மீட்டுக்கொண்டபோது நம் சமூகத்தில் எழுந்த பரபரப்பை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தவர் திரும்பி வந்து தனியே தகுதித் தேர்வு எழுத வேண்டியிருக்கும். ஏஜெண்டு சொல்வதைக் கேளுங்கள். பிறகு பட்டியலையும் பாருங்கள்.

அந்தப் பெர்மாஸ் ஜெயாத் தகப்பனாரிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "சார், ஆறாம் படிவம் படிச்சும் கிடைக்கலைன்னா?" நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. கிடைக்காமல் போகலாம் என்பதுதான் உண்மை. "கிடைக்கலைன்னா, அப்பா பணம் அப்படியே இருக்கும்மா. உன் கையில ஒரு சான்றிதழும் இருக்கும். அப்புறம் உட்கார்ந்து பேசலாம்" என்றோம்.

வெள்ளிக்கிழமை அவர் பணம் கட்டவில்லை. மெட்ரிகுலேஷனுக்கு அனுப்பிய மனுவுக்கு இடம் வரவில்லை. பிள்ளை இப்போது ஆறாம் படிவத்தில் முதல் பருவம் படிக்கிறாள். இரசாயனம் தான் கொஞ்சம் உதைக்கிறதாம். சனிக்கிழமை காலையில் எங்கள் பள்ளி நூலகத்தில் மேலும் மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கில நாளிதழை உரக்கப் படிக்கிறாள். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வேறு பிள்ளைகள் வந்தாலும் நாற்காலி இருக்கிறது. மூன்றாம் படிவத்தில் பிள்ளைகள் உள்ளவர்கள் இப்போதே வந்து பேசுவது நல்லது. நான்காம் படிவத்தில் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது உயிரியலையும் இரசாயனத்தையும் பௌதிகத்தையும் விட்டுவிட்டால், பிறகு நாங்கள் என்ன பேசியும் பயனில்லை.