தளம் அவர்களுடையது, வாடிக்கையாளர் நம்முடையவர்

முறுக்கு சுடும் அக்காவும் சேலை விற்கும் தம்பியும் இன்று முகநூலில் கடை விரிக்கிறார்கள். கடை வாடகை இல்லை, நல்ல வாய்ப்புத்தான். ஆனால் அந்த இடம் நமக்குச் சொந்தமல்ல.

2002இல் தொடங்கிய ஃபிரண்ட்ஸ்டரில்தான் ஒரு காலத்தில் நம் இளைஞர்கள் கூடினார்கள். 2004இல் பிறந்த முகநூல் அதை முந்தியது. 2009இல் மலேசியாவின் எம்.ஓ.எல். நிறுவனம் ஃபிரண்ட்ஸ்டரை வாங்கியது. போன கூட்டம் திரும்பவில்லை. 2011இல் அது விளையாட்டுத் தளமாக மாறியபோது பழைய படங்களும் செய்திகளும் அழிக்கப்பட்டன. 2015இல் சேவையே நின்றது.

தளங்கள் போட்டி போடட்டும். நீங்கள் வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர் சம்மதத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாளை தளம் மூடினாலும், தீபாவளிக்கு முன் நீங்களே அழைத்து ஆர்டர் கேட்கலாம்.