சமன்பாடும் சமனின்மையும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட விழாக்களில் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அதை நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் கணக்கு வாத்தியார். எனக்குக் கணக்கைப் பற்றித்தான் பேசத் தெரியும். அதிலும் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். 'சமம்' என்பதற்கும் 'சமமில்லை' என்பதற்கும் உள்ள வித்தியாசம். "இதுகூடவா தெரியாது வாத்தியாரே?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. எனக்கே ஒரு காலத்தில் அது சரியாகத் தெரியாமல் இருந்தது. அதனால் ஒரு குடும்பத்துக்கு நஷ்டம் வந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் கல், மறு தட்டில் வெங்காயம். முள் நேராக நின்றால் இரண்டும் சமம். கணக்கில் அதற்குச் சமன்பாடு என்று பெயர். 'ஓர் எண்ணுடன் 3 சேர்த்தால் 8' என்றால் அந்த எண் 5தான். வேறு எதைப் போட்டாலும் முள் சாய்ந்துவிடும். விடை ஒன்றே ஒன்று. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். விடை வந்துவிட்டது, கீழே இரண்டு கோடு போட்டாயிற்று, விளையாடப் போகலாம்!

இப்போது, 'ஓர் எண்ணுடன் 3 சேர்த்தால் 8ஐவிடப் பெரியது' என்று சொன்னால்? 6 சரி. 7ம் சரி. 100ம் சரி. ஐந்தரையும் சரி. இதுதான் சமனின்மை. இங்கே முள் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. விடை ஓர் எண் இல்லை, எண்களின் கூட்டம். ஒற்றை விடைக்குப் பழகிய பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இது அவர்களுக்குக் கணக்காகவே தெரிவதில்லை. பலர் அந்தச் சாய்ந்த குறியைச் சத்தமில்லாமல் சமக்குறியாக மாற்றி, 5 என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். இங்கே ஐந்தைப் போட்டால் 8 வரும். 8, 8ஐவிடப் பெரியது ஆகாது. சரியான விடைகளையெல்லாம் விட்டுவிட்டுத் தவறான ஒன்றைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறான் பையன்!

பிள்ளைகள்மீது குறை சொல்வதற்கில்லை. பெரிய மேதைகளே மெதுவாகத்தான் வந்தார்கள். நாம் போடும் இந்தச் சமக்குறி 1557ஆம் ஆண்டில் அச்சேறியது. வேல்ஸ் நாட்டில் பிறந்த ராபர்ட் ரெக்கார்ட் என்ற மருத்துவர்தான் அதைத் தம் கணக்குப் புத்தகத்தில் போட்டார். 'இதற்குச் சமம், இதற்குச் சமம்' என்று ஒவ்வொரு தடவையும் எழுதிச் சலித்துப்போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை வைத்தார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் கிடையாது என்பது அவர் சொன்ன காரணம். பாவம், அடுத்த ஆண்டே சிறையில் இறந்துபோனார். பெரிது, சிறிது என்று காட்டும் சாய்ந்த குறிகளோ தாமஸ் ஹாரியட் என்பவருடைய புத்தகத்தில், அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1631ல்தான் அச்சில் வந்தன. இடையில் 74 ஆண்டுகள். ஆகவே இரண்டு வாரத்தில் பிடிபடவில்லை என்று பிள்ளையின் தலையில் குட்டாதீர்கள்.

வகுப்பில் நான் இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்கிறேன். திடலுக்கு அழைத்துப் போய்த் தரையில் ஒரு நீளக் கயிற்றைப் போடுவேன். 0 முதல் 10 வரை அட்டை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். "3 சேர்த்தால் 8, யாரப்பா அது?" என்றால் ஒரே பிள்ளை முன்னால் வரும். "3 சேர்த்தால் 8க்கு மேலே, யார் யார்?" என்றால் 6 முதல் 10 வரை ஐந்து பேர் வருவார்கள். "கயிறு இன்னும் நீளமாக இருந்தால்?" என்று கேட்டால், "ரோடு வரைக்கும் வருவாங்க சார்!" என்பார்கள். அவ்வளவுதான், பாடம் பாதி முடிந்தது. அடுத்து, 5 என்ற பிள்ளை வரலாமா கூடாதா என்று ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டையை நான் நிறுத்துவதில்லை. சமனின்மையின் உயிரே அந்த எல்லையில்தான் இருக்கிறது.

நம் தமிழில் இதற்கு அழகான இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'குறையாமல்', 'மிகாமல்'. கட்டுரைப் போட்டிக்கு 'நூறு சொற்களுக்கு மிகாமல்' என்று போடுகிறோமே, அப்படியென்றால் நூறு சொல் எழுதலாம், 101 எழுதக்கூடாது. எல்லையும் சேர்ந்தது. ஆனால் பேச்சில் நாம் சொல்லும் 'மேலே', 'கீழே', 'உள்ளே' எல்லாம் வழவழவென்று இருக்கும். "பதினெட்டு வயசுக்கு மேலே ஓட்டு உண்டு" என்கிறோம். 18 நிறைந்த பிள்ளைக்கு உண்டா இல்லையா? நம் நாட்டில் ஓட்டுப் போடும் வயதை 21லிருந்து 18ஆகக் குறைத்து 2019ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2021 டிசம்பரில் அது நடப்புக்கு வந்தது. அங்கே கணக்கு, 18க்குக் குறையாமல். 18 நிறைந்த பிள்ளைக்கு ஓட்டு உண்டு.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். நான் வேலைக்கு வந்த புதிது. இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகை பாரம் வந்தது. பாரம் மலாயில் இருந்தது. குடும்ப வருமானம் 500 வெள்ளிக்கு 'தீடாக் மெலெபிஹி' என்று போட்டிருந்தது. நான் அதைப் படித்துவிட்டு, பெற்றோர்களைக் கூட்டி வைத்து, "ஐந்நூறுக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டும் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தோட்டத்து ஜாகாவுக்குச் சம்பளம் சரியாக 500. மனைவிக்கு உடம்பு முடியாமல் வேலை நின்றிருந்த நேரம். அவர் பாரத்தை வெறுமையாகவே மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மகள் நன்றாகப் படிக்கிற பெண். அந்த வருஷம் பஸ் காசுக்கும் சீருடைக்கும் தாயாரின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

மறு வருஷம் அதே பாரம் வந்தது. கிராணி ஐயாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. 'தீடாக் மெலெபிஹி' என்றால் மிகாமல். ஐந்நூறும் சேர்த்தி. மூன்று வருஷம் கல்லூரியில் கணக்குப் படித்தவன், ஒரு சின்னக் கோட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். சாய்ந்த குறிக்குக் கீழே போடும் கோட்டைத்தான் சொல்கிறேன். அன்று மாலையே லயத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "போகட்டும் சார், நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க" என்றார். அந்தம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அவர் காதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை நான் அவசரமாக நடத்தியதே இல்லை.

பெற்றோர்கள் கேட்கலாம், சமன்பாடு ஒன்று போதாதா என்று. ஒரு கணக்குச் சொல்கிறேன். பையன் கையில் 12 வெள்ளி இருக்கிறது. பஸ்ஸுக்கு 1 வெள்ளி. புத்தகம் ஒன்று 3 வெள்ளி. எத்தனை புத்தகம் வாங்கலாம்? சமன்பாடாகப் போட்டால் மூன்றே இரண்டு பங்கு மூன்று புத்தகம் என்று விடை வரும். எந்தக் கடைக்காரர் புத்தகத்தை மூன்று துண்டாக வெட்டி இரண்டு துண்டு கொடுப்பார்? செலவு 12 வெள்ளிக்கு மிகாமல் என்று போட்டால் 3 புத்தகம் வரை வாங்கலாம், இரண்டு வெள்ளி மிச்சம் என்று நியாயமான விடை வரும். இன்னொன்று. 41 பிள்ளைகள் சுற்றுலா போக வேண்டும். ஒரு வேனில் 12 பேர். மூன்று வேனில் 36 பேர்தான் போகலாம். ஐந்து பிள்ளைகளை ரோட்டிலா விட்டுவிட்டுப் போவது? நாலு வேன் வேண்டும். புத்தகக் கணக்கில் கீழே இறங்குகிறோம், வேன் கணக்கில் மேலே ஏறுகிறோம். எந்தப் பக்கம் போவது என்பதைக் குறிதான் சொல்கிறது.

சமன்பாட்டுக்குச் செய்கிற வேலைகளைப் பெரும்பாலும் சமனின்மைக்கும் செய்யலாம். சாய்ந்த தராசின் இரண்டு தட்டிலும் ஒரே கல்லைப் போட்டால், சாய்ந்த பக்கமே சாய்ந்து நிற்கும். ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எதிர்மறை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் குறி திரும்பிக்கொள்ளும். ஏன் திரும்புகிறது என்று சொல்லாமல் மனப்பாடம் செய்யச் சொல்வதால்தான் பிள்ளைகள் பரீட்சையில் மறக்கிறார்கள். நான் மளிகைக் கடைக் கடன் புத்தகத்தைக் காட்டித்தான் சொல்வேன். கையில் 5 வெள்ளி உள்ளவன், 2 வெள்ளி உள்ளவனைவிட வசதியானவன். அதையே கடனாக மாற்றுங்கள். 5 வெள்ளி கடன்காரனைவிட 2 வெள்ளி கடன்காரன் தேவலாம். முந்தியவன் பிந்திவிட்டான்.

இன்னும் எளிதாக வேண்டுமா? கையில் 10 வெள்ளி. செலவு போக 4 வெள்ளிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். செலவை 'ச' என்று வைத்துக்கொண்டால், 10 − ச > 4. இரண்டு பக்கமும் 10ஐக் கழித்தால் −ச > −6. குறியைத் திருப்ப மறந்த பையன் 'செலவு 6க்கு மேல்' என்று எழுதுவான். 7 வெள்ளி செலவு செய்து பார்க்கட்டும், மிச்சம் 3தான் இருக்கும். மிச்சம் பெருக வேண்டுமானால் செலவு சுருங்க வேண்டும். ஆகவே ச < 6. குறி திரும்புகிற இரகசியம் வீட்டுக் கணக்கு எழுதும் ஒவ்வொரு தாய்க்கும் தெரியும்.

பிள்ளைகளே, இங்கே ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போனால், முதலாம் படிவத்திலேயே இந்த இரண்டு பாடமும் அடுத்தடுத்து வரும். 'பெர்சமாஆன்' என்பார்கள், 'கெதாக்சமாஆன்' என்பார்கள். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். முன்னது நேராக நிற்கும் தராசு, பின்னது சாய்ந்த தராசு. தமிழில் புரிந்துகொண்டு போனவனுக்கு அங்கே புதுப் பெயர் மட்டும்தான் பாரம்.

பெரியவர்களுக்கும் ஒன்று. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்ற சட்டம் 2025 பிப்ரவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. ஐந்து பேருக்குக் குறைந்த ஆட்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஆகஸ்டில் வந்தது. பாருங்கள், சட்டத்திலேயே எத்தனை சமனின்மை! 'குறைந்தபட்சம்' என்றால் 1,700க்குக் குறையாமல். ஆனால் அதைச் சமக்குறியாகப் படிக்கிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது, கொடுக்கிறவர்களிடமும் இருக்கிறது. பத்து வருஷம் வேலை பார்த்தவரும் நேற்று வந்தவரும் சரியாக 1,700 வாங்கிக்கொண்டு, "சட்டமே அவ்வளவுதானாம்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது தரையைக் காட்டியது, கூரையைக் காட்டவில்லை. சம்பளச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் குறி என்று கேளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்குப் பத்து நிமிடத்துக்கு மிகாமல் பேசச் சொல்லியிருந்தார்கள், நான் குறையாமல் என்று படித்துவிட்டேன். வெளியே தேநீர் மேசையில், ஒருவருக்கு இரண்டு வடைக்கு மிகாமல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்று எடுத்தாலும் சரி, இரண்டு எடுத்தாலும் சரி. ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் சிலர் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது வடைக்கு அவர்கள் வழி கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.