சர்வரும் சமையற்காரரும்

சர்வர் என்னும் சொல் தமிழ்நாட்டுக்குக் கணிப்பொறியோடு வந்ததன்று. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, சிற்றுண்டிச் சாலையில் மேசையருகே வந்து நின்று, உள்ள பலகாரங்களின் பெயர்களையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் மனிதரை நாம் அப்பெயராலேயே அழைத்து வந்தோம். இணையத்தைப் பற்றிப் பேச வருகிற எனக்கு இது பெரியதொரு வசதி. வெப் சர்வர் என்பதன் வேலையும் ஏறக்குறைய அதுவே. உங்கள் கைப்பேசியிலுள்ள உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. சர்வர் அதை எடுத்து வந்து வைக்கிறது.

சிற்றுண்டிச் சாலையில் இருவகைப் பண்டங்கள் உண்டு. லட்டும் மைசூர்பாகும் கண்ணாடி அலமாரியில் முன்பே அடுக்கியிருக்கும்; கேட்டவுடன் எடுத்துத் தரலாம். தோசையோ கேட்ட பிறகு வார்க்க வேண்டியது. இணையப் பக்கங்களும் அவ்வாறே. எழுதி வைத்தது எழுதி வைத்தபடியே இருக்கும் பக்கம் லட்டு. ஒரு நூலகத்தில் இன்ன புத்தகம் இப்பொழுது அலமாரியில் இருக்கிறதா, யாரேனும் எடுத்துச் சென்றிருக்கிறார்களா என்று கேட்டால் வரும் பக்கம் தோசை. அது கேட்ட கணத்தில்தான் உருவாக வேண்டும். சர்வருக்குத் தோசை வார்க்கத் தெரியாது. உள்ளே ஒரு சமையற்காரரை அமர்த்த வேண்டும். அந்த அமர்த்தும் காரியத்தைப் பற்றியே இன்று பேச எடுத்துக் கொண்டேன்.

முதலில் சிறிது வரலாறு. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்து ஆய்வு மையம் ஒன்றில் உருவான சர்வர், பக்கத்தைச் சமைப்பதற்கு வேறொரு நிரலை அழைக்கும் முறையைக் கொண்டிருந்தது. சி.ஜி.ஐ. என்பது அம்முறையின் பெயர். அந்தச் சர்வரின் மேல் ஆர்வலர் பலர் ஒட்டுப்போட்டுத் திருத்தியதிலிருந்து 1995இல் அபாச்சி என்னும் சர்வர் பிறந்தது. சி.ஜி.ஐ. முறையில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிரலைப் புதிதாகத் தொடங்கி, வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். தோசைக்கு ஒரு சமையற்காரரை வரவழைத்து, அடுப்பு மூட்டச் சொல்லி, ஒரு தோசை வார்த்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த தோசைக்கு வேறொருவரைத் தேடுவதை ஒக்கும் இது.

கிரீன்லாந்தில் பிறந்து கனடாவில் கல்வி கற்ற ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், தம்முடைய தகுதிக் குறிப்பை இணையத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறியச் சில சிறு கருவிகளைச் செய்துகொண்டார். 1995 ஜூனில் அவற்றை உலகுக்கு வழங்கினார். அதுவே பி.எச்.பி. பின்னர் இஸ்ரேலில் ஹைஃபா நகரத்து டெக்னியன் கழகத்தில் பயின்ற ஆண்டி கட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி என்னும் இரு மாணவர்கள் அதன் பார்சரை அடியோடு புதிதாக எழுதினார்கள். அப்புதிய வடிவம் 1998 ஜூனில் மூன்றாம் பதிப்பாக வெளிவந்தது. பி.எச்.பி. என்பதன் விரிவிலேயே பி.எச்.பி. என்பது முதற்சொல்லாக வருகிறது. தன்னையே விழுங்கும் இப்பெயருக்கு நம் இலக்கண ஆசிரியர்கள் என்ன விதி கூறுவார்களோ, அறியேன்.

பார்சர் என்பதைத் தமிழ் கற்றவர்களுக்கு விளக்குவது எளிது. புணர்ந்து கிடக்கும் செய்யுள் அடியைப் பதம் பிரித்து, எது பெயர், எது வினை, எது எதனோடு முடிகிறது என்று உரையாசிரியர் கண்டு சொல்கிறார் அல்லவா? அதே தொழில்தான். ஒரு பி.எச்.பி. கோப்பில் பக்கத்தின் உரையும் நிரலும் கலந்து கிடக்கும். ஒரு கோணக் குறி, ஒரு வினாக்குறி, அதனையடுத்து பி.எச்.பி. என்ற மூன்றெழுத்து ஆகியவை வந்தால் நிரல் தொடங்குகிறது என்று பார்சர் அறிகிறது. அக்குறிக்கு வெளியே இருப்பதை அப்படியே வெளியே விடுகிறது. உள்ளே இருப்பதைப் பதம் பிரித்துப் பொருள் உணர்ந்து நிறைவேற்றி, அதன் விளைவை மட்டும் வெளியே அனுப்புகிறது. வாசகர் விளைவைக் காண்பார். நிரலைக் காண மாட்டார். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

பார்சரைச் சர்வரில் நிறுவுவது இரண்டு செயல்கள் சேர்ந்தது. ஒன்று, அதைப் பொறிக்குள் கொண்டுவந்து வைத்தல். முன்னாளில் மூல நிரலை இறக்கி, அதைத் தொகுத்து, இடையில் இல்லாத நூலகக் கோப்புகளைத் தேடியலைந்து, ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க வேண்டியிருந்தது. இப்பொழுது டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் ஒரே வரிக் கட்டளையில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது செயல், பார்சர் வந்திருக்கிறது என்றும், இன்ன கோப்பை அதனிடம் கொடுக்க வேண்டும் என்றும் சர்வருக்குச் சொல்லுதல். இங்கேதான் கவனம் முழுவதும் வேண்டும்.

சொல்லுவதற்கு இன்று பெரிதும் வழங்கும் வழிகள் இரண்டு. பார்சரை அபாச்சியின் உடம்புக்குள்ளேயே ஒரு மாட்யூலாகச் சேர்த்துவிடுவது ஒரு வழி. எளிமையானது, வேகமானது, ஆயினும் லட்டு எடுத்துக் கொடுக்கும் சர்வர்கூடத் தோசைக் கல்லைத் தலையில் சுமந்துகொண்டே நடக்க வேண்டும். நினைவகம் வீணாகிறது. மற்றொரு வழி, பார்சரைத் தனி அறையில் சில பணியாளர்களோடு எந்நேரமும் விழித்திருக்கச் செய்து, வேண்டும்போது மட்டும் சர்வர் அங்கே சீட்டு அனுப்புவது. எஃப்.பி.எம். எனப்படும் இம்முறை 2010இல் பி.எச்.பி.யோடு அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. நான் இரண்டாவதையே விரும்புகிறேன். அதற்குக் காரணம் நினைவகச் சிக்கனம் மட்டுமன்று. சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

எந்தக் கோப்பு பார்சருக்கு உரியது என்பதைப் பெயரின் இறுதியைக் கொண்டு சர்வர் அறிகிறது. பழைய வழிகாட்டிகள் காட்டும் விதி, பெயரின் நடுவில் எங்கேனும் புள்ளி பி.எச்.பி. என்று இருந்தாலும் போதும் என்று ஏற்றுக்கொள்ளும். அப்படியாயின், படம் ஏற்றுக என்று ஓரிடத்தில் நாம் அனுமதி கொடுத்திருக்க, படம் புள்ளி பி.எச்.பி. புள்ளி ஜேபிஜி என்ற பெயரில் ஒருவன் தன் நிரலை ஏற்றிவிட்டால், நம் சமையற்கட்டிலே அவன் சமைப்பான். ஆதலால், பெயர் புள்ளி பி.எச்.பி. என்றே முடிய வேண்டும் என்று விதியைக் கண்டிப்பாக எழுத வேண்டும்.

சரி, சர்வருக்குச் சொல்லவே மறந்துவிட்டால் என்ன ஆகும்? பக்கம் வராது, அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அன்று. சர்வருக்கு அந்தக் கோப்பு வெறும் எழுத்து, அலமாரியிலிருக்கும் லட்டு. கேட்டவர் எவராயினும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். தோசைக்குப் பதில் சமையற்காரரின் கைக்குறிப்பும் கல்லாப்பெட்டியின் சாவியும் இலைக்கு வந்து சேரும். 2007 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் முகப்புப் பக்கத்து நிரல் இவ்வாறே வெளிப்பட்டது. தவறாக அமைக்கப்பட்ட ஒரு சர்வரே காரணம் என்று அந்நிறுவனம் தெரிவித்தது. அத்துணைப் பெரிய இடத்திலும் இது நிகழ்ந்தது என்பதைக் குறிக்கவே சொல்கிறேன்.

மாட்யூலாகச் சேர்த்த பார்சர் ஒரு பதிப்பு மாற்றத்தின்போது கழன்றுபோனால், நேர்வது இதுவே. எஃப்.பி.எம். முறையிலோ, பார்சர் மயங்கி விழுந்தாலும் சீட்டு அனுப்பும் விதி சர்வரிடம் இருக்கிறது. பதில் வராமையால் 503 என்ற எண்ணோடு, சேவை இப்பொழுது இல்லை என்று அது சொல்லிவிடும். நிரலைக் கொடுத்துவிடாது. நான் முன்பு சொல்லாமல் வைத்த காரணம் இதுதான். இதற்கும் மேலாக, சீட்டு அனுப்பும் மாட்யூலே இல்லாதபோது புள்ளி பி.எச்.பி. என முடியும் எதையும் எவருக்கும் கொடாதே என்று இரண்டு மூன்று வரிகள் எழுதி வைப்பேன்.

அண்மையில் ஒரு சிறிய நூலகத்தின் பட்டியலைப் புதிய பொறிக்கு மாற்றித் தரும் பணி எனக்கு வாய்த்தது. பழைய பொறியில் ஓடியது பி.எச்.பி. 7.4, அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. பட்டியலோடு உறுப்பினர்களின் முகவரி, தொலைபேசி எண், யார் எந்த நூலை எடுத்துச் சென்றார் என்ற விவரம் எல்லாம் தரவுத்தளத்தில் இருந்தன. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். நூலகத்தார் அதைப் பிறரிடம் சொல்ல மாட்டார்கள். பொறியும் சொல்லலாகாது.

வெளியுலகுக்குக் கதவைச் சாத்தி, என் பொறியிலிருந்து மட்டும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பார்சர் நிறுவியாயிற்று. அதன் அமைப்பு முழுவதையும் அட்டவணையாகக் காட்டும் ஒரு வரிச் சோதனைக் கோப்பை வைத்தேன். அட்டவணை அழகாக வந்தது. இவ்வளவோடு பலர் கதவைத் திறந்துவிடுவார்கள். அந்த நூலகத்து நிரல் மிகப் பழையது. முன்னாளில் மூன்றெழுத்தை விட்டுவிட்டு, கோணக் குறியும் வினாக்குறியும் மட்டும் இட்டு நிரலைத் தொடங்கும் குறுக்கெழுத்துப் பழக்கம் ஒன்று இருந்தது. புதிய பொறிகளில் பெரும்பாலும் அக்குறுங்குறி ஏற்கப்படாதபடி அமைத்திருப்பார்கள். ஏற்கப்படாவிட்டால், பார்சருக்கும் அது வெறும் உரையே. அப்படியே வெளியே விட்டுவிடும். எனவே கோப்புகள் அனைத்திலும் அக்குறியைத் தேடினேன். மூன்று கோப்புகளில் இருந்தது. அவற்றுள் ஒன்று, தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைத் தாங்கிய கோப்பு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கடவுச்சொல்லுள்ள கோப்பைச் சர்வர் எட்டும் கோப்புறைக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது நல்ல விதி. அந்நூலகத்தாரும் அவ்வாறே வைத்திருந்தார்கள். ஆனால் இங்கே அது காப்பாற்றியிராது. மற்றப் பக்கங்கள் அக்கோப்பைத் தம்முள் அழைக்கின்றன. அழைக்கப்பட்டது நிரலாகப் படிக்கப்படாமல் உரையாகக் கொட்டினால், உள்ளறையில் பூட்டி வைத்தது ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அச்சாகிவிடும். கண்ணுக்குத் தெரியுமா என்றால், அதுவும் உறுதியில்லை. வினாக்குறியோடு தொடங்குவதை உலாவிகள் குறிப்புரை எனக் கருதி மறைத்துவிடுவதுண்டு. பக்கம் பாதி வெள்ளையாக நிற்கும். மூலத்தைக் காட்டு என்று கேட்கத் தெரிந்தவருக்குக் கடவுச்சொல் கிடைக்கும்.

மூன்று கோப்புகளிலும் குறியை முழுமையாக்கினேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன். பிழை நேர்ந்தால் அதன் விவரத்தைப் பக்கத்தில் காட்டாமல் குறிப்பேட்டில் எழுதும்படி அமைத்தேன். பிறகு வேண்டுமென்றே எஃப்.பி.எம்.மை நிறுத்திவிட்டு ஒரு பக்கத்தைக் கேட்டேன்; 503 வந்தது. சீட்டு அனுப்பும் மாட்யூலையும் அதற்கான விதியையும் எடுத்துவிட்டுக் கேட்டேன்; 403, அனுமதியில்லை என்றது. எல்லாவற்றையும் திரும்ப வைத்து, அட்டவணை காட்டிய சோதனைக் கோப்பை அழித்தேன். மறுநாட் காலை ஒன்பது மணிக்கு நூலகத்தார் கதவைத் திறந்தார்கள்.