நடுவுல காத்து, ரெண்டு பக்கமும் மரம்

பகல்ல கோட் எழுதி, ராத்திரி மரத்தூள்ல உக்காந்திருக்கிறவன் பேசுறேன். இன்னைக்கு எபிசோட், டபுள் டாப் கிட்டார்.

முதல்ல ஒரு கேள்வி. அகூஸ்டிக் கிட்டார்ல சத்தம் எங்கிருந்து வருது? கம்பி மட்டும் அதிர்ந்தா பக்கத்துல இருக்கிறவங்களுக்கே சரியா கேக்காது. கம்பி பிரிட்ஜை ஆட்டும், பிரிட்ஜ் மேல்பலகையை ஆட்டும், பலகைதான் காத்தைத் தள்ளும். ஸ்பெயின்ல அந்தோனியோ தே தோரெஸ் இதைக் காட்டுறதுக்காகவே 1862ல ஒரு கிட்டார் செஞ்சார். பக்கமும் முதுகும் காகித அட்டை. மேல்பலகை மட்டும் நல்ல மரம்.

சிக்கல் என்னன்னா, ஆறு நைலான் கம்பியும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். அதைத் தாங்க பலகை விறைப்பா இருக்கணும். ஆனா விரல் தர்ற சக்தி கொஞ்சம்தான். அதுக்கு அசையணும்னா பலகை லேசாவும் இருக்கணும். கனத்தைப் பாதியாக்கினா எடை பாதியாகும், விறைப்போ எட்டுல ஒரு பங்காயிடும்!

இதுக்கு ஜெர்மனியில மத்தியாஸ் டாமன், கெர்னோட் வாக்னர்னு ரெண்டு கிட்டார் கைவினைஞர்கள் வழி கண்டுபிடிச்சாங்க. வழக்கமான 2 மில்லிமீட்டர் பலகைக்குப் பதிலா, சுமார் 0.6 மில்லிமீட்டர்ல ரெண்டு மர ஏடு. நடுவுல நோமெக்ஸ் தேன்கூடு. விமானத்தோட உள் பேனல்கள்ல இருக்கே, அதே பொருள்தான். கூரியர் அட்டைப்பெட்டியை உடைச்சுப் பாருங்க, அதே லாஜிக். பலகை வளையும்போது பாரத்தை வாங்குறது மேல், கீழ் ஏடுகள். நடுவுல இருக்கிறது அதுங்களைத் தள்ளி நிறுத்தினாப் போதும். டேவிட் ரஸ்ஸல், மானுவல் பருயெகோ மாதிரி கலைஞர்கள் டாமன் கிட்டார்கள்ல மேடையேறியிருக்காங்க.

சரி, நானும் ஒரு சின்ன சாம்பிள் ஒட்டிப் பார்த்தேன். ஏடு, பசை, தேன்கூடு எல்லாத்தையும் பையில போட்டு, பம்ப் வெச்சு காத்தை உறிஞ்சணும். வெளிக்காத்தே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கணக்குல அமுக்கும். ஆர்வக்கோளாறுல பம்பை முழுசா விட்டுட்டேன். காலையில லைட்டைச் சாய்ச்சுப் பிடிச்சா, மரத்து மேல அறுகோணம் அறுகோணமா பள்ளம்! ஏடு ஒவ்வொரு கண்ணுக்குள்ளயும் அமுங்கியிருந்தது. தேய்ச்சுச் சரி பண்ணலாம்னு பார்த்தேன். 0.6ல எவ்வளவு தேய்க்க? ஓட்டையே விழுந்துடுச்சு.

அப்பதான் உறைச்சது. சாதாரணப் பலகை விரிசல் விட்டா, வாய்த்துளை வழியா கைவிட்டு உள்ள ஒரு மரத்துண்டு ஒட்டலாம், மேல தேய்ச்சு பாலிஷ் போடலாம். இதுல நடுவுல பசை விட்டுப்போச்சுன்னா உள்ள போகவே வழி கிடையாது. நம்ம பாஷையில, சோர்ஸ் கோட் தொலைஞ்ச ப்ரோகிராம். தோரெஸ் செஞ்ச கிட்டார்களை 150 வருஷம் தாண்டியும் பழுது பார்த்து வாசிக்கிறாங்க. டபுள் டாப்புக்கு இன்னும் அந்த வயசு ஆகலை.

பெரிய ஹால்ல மைக் இல்லாம வாசிக்கிறவங்களுக்கு இது நியாயமான பேரம். நான் வாசிக்கிறது என் ரூம்ல. அதனால என் முதல் கிட்டார் ஒத்தைப் பலகைதான். தப்பு பண்ணாலும் திறந்து திருத்தலாம்ல?

அடுத்த வாரம் பார்ப்போம்.