விடுமுறை நாளைக் கேட்டறியும் நிரல்

நம் ஜொகூரில் 2014 ஜனவரி முதல் நாளன்று, அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளி, சனிக்கு மாறியது. 2025 ஜனவரி முதல் நாள் மீண்டும் சனி, ஞாயிறாயிற்று. ஆசிரியர்களாகிய நாங்கள் இவ்விரு மாற்றங்களையும் கண்டவர்கள்.

மாணவர் வருகையைப் பதியும் கணினி நிரல் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ‘ஞாயிறு விடுமுறை’ என்று நிரலுக்குள் பல இடங்களில் எழுதியிருந்தால், ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும். ஓரிடம் தவறினாலும், பள்ளிக்கு வந்த பிள்ளையின் வருகை பதியாமற் போகும்.

இதற்கு வழி என்ன? மாறக்கூடிய விவரங்களை வெளியே ஓர் அமைப்புக் கோப்பில் வைப்பதுதான். நிரலின் உறுப்புகள் கோப்பை நேரே திறப்பதில்லை. ஓர் இடைமுகத்திடம் கேட்கின்றன. இடைமுகம் என்பது, இன்ன கேள்விக்கு இன்ன வகை விடை கிடைக்கும் என்னும் உடன்படிக்கை. விடை எங்கிருந்து வந்தது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஜாவா மொழிக்குரிய ஸ்பிரிங் கட்டமைப்பில், 2011இல் வந்த 3.1 பதிப்பு முதல் ‘என்விரான்மென்ட்’ என்னும் இடைமுகம் இப்பணியைச் செய்கிறது. அதனிடம் கேட்கும் முறைகளுள் இரண்டைக் காண்போம். விவரம் இல்லையேல் இதை வைத்துக்கொள் என்று மாற்று விடையோடு கேட்பது ஒன்று. இல்லையேல் பிழை காட்டும்படி கேட்பது மற்றொன்று.

விடுமுறை நாளுக்கு இரண்டாவதே ஏற்றது. சனி, ஞாயிறை மாற்று விடையாக வைத்தால், வெள்ளி, சனி விடுமுறையுள்ள கிளந்தானில் அந்த விவரம் விடுபட்டபோது நிரல் ஓசையின்றித் தவறாக இயங்கும். பிழை காட்டி நின்ற நிரலை அன்றே சரிசெய்யலாம். தவறிய வருகைப் பதிவோ பல நாள் கழித்தே தெரியவரும்.